தையல் ஆறியும் ஆறாத வலி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சிசேரியன் ஆகி ஐந்து மாதங்கள் ஆகின்றன. தழும்பின் ஓரத்தில் சுருக்கென்று குத்துகிறது. சில வாரங்களாகக் காரணமே இல்லாமல் அழுகிறேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. மூன்று மாதங்களைத் தாண்டிய வலியை நாட்பட்ட வலியாகவே கருத வேண்டும். தழும்பில் நரம்பு சிக்கியிருந்தாலும் இப்படிக் குத்தும். வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, தூக்கமின்மை மனத்தைத் தளர்த்துகிறது, தளர்ந்த மனம் அதே வலியை இன்னும் பெரிதாக உணர்கிறது. ஆகவே "காரணமே இல்லாமல்" என்று எழுதாதீர்கள். வலியையும் அழுகையையும் ஒரே மருத்துவரிடம், ஒரே சந்திப்பில் சொல்லுங்கள்.

கேள்வி: பிரசவத்தின்போது முதுகில் போட்ட ஊசியால்தான் இப்போது இடுப்பு வலிக்கிறதா?

பதில்: இல்லை. அந்த ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், நீண்டகால முதுகுவலியில் வேறுபாடு தெரியவில்லை. தளர்ந்த வயிற்றுத் தசைகளையும், குனிந்தபடி பாலூட்டும் வழக்கத்தையும் பிசியோதெரபிஸ்டிடம் காட்டிச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: மனைவிக்கு மனச்சோர்வு. நல்ல மாத்திரையின் பெயரை எழுதவும்.

பதில்: பிரசவமாகி எத்தனை வாரம், தாய்ப்பால் கொடுக்கிறாரா, உடலில் வலி உண்டா என எதையும் எழுதாமல் மாத்திரையை மட்டும் கேட்கிறீர்கள், எழுத மாட்டேன். மூன்றாம் நாள் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரங்களில் தானே அடங்கும். அதற்கு மேலும் நீடித்தால் அவரையே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தன்னையோ குழந்தையையோ மாய்க்கும் எண்ணம் வந்தாலோ, இல்லாத குரல் கேட்டாலோ அன்றே, அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: மனநலப் படிவத்தை நிரப்பினேன், மதிப்பெண் சரி என்றார்கள். தையல் போட்ட இடம் வலிப்பதால் உட்காரவே முடியவில்லை என்றதற்கு, "எல்லோருக்கும் இருப்பதுதான்" என்று அனுப்பிவிட்டார்கள்.

பதில்: இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனம் வெறுத்துவிட்டது. நீங்கள் நிரப்பியது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் வெளியான எடின்பரோ அளவுகோலாக இருக்கும். நல்ல கருவிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதன் 10 கேள்விகளில் ஒன்றுகூட உடல் வலியைப் பற்றியதல்ல. துயரத்தால் தூக்கம் கெடுகிறதா என்றுதான் அது கேட்கிறது. வலியால் தூக்கம் கெட்ட தாய் அதற்கு உண்மையாகவே "இல்லை" என்று குறித்துவிடுவார். ஏறக்குறைய 1,300 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், பிரசவமான ஒன்றரை நாளுக்குள் கடும் வலியை அனுபவித்தவர்களுக்கு, லேசான வலி இருந்தவர்களைவிட, எட்டாவது வாரத்தில் மனச்சோர்வு ஏற்படும் வாய்ப்பு மூன்று மடங்காகவும், வலி நீடிக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்காகவும் இருந்தன. சுகப்பிரசவமா, சிசேரியனா என்பது அதைத் தீர்மானிக்கவில்லை; தொடக்க வலியின் கடுமையே முன்னறிவித்தது. அப்படியிருக்க, தையலைப் பார்ப்பவர் மனத்தைக் கேட்பதில்லை, மனத்தைக் கேட்பவர் தையலைப் பார்ப்பதில்லை. தாங்கிக்கொள்ளாதீர்கள். கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகளைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். எத்தனை இரவு தூங்கவில்லை, எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது என்று கணக்கோடு சொல்லுங்கள்.

கேள்வி: பாலூட்டும்போது வலி மாத்திரையும் மனச்சோர்வு மாத்திரையும் எடுக்கலாமா?

பதில்: மருத்துவர் சொல்லும் அளவில் எடுக்கலாம். வலிக்குப் பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் இரண்டும் பொதுவாகப் பொருந்தும், கோடீன் வேண்டாம். மனச்சோர்வு மருந்தான செர்ட்ராலின் பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது. இரண்டு மருந்துகளையும் இரண்டு மருத்துவர்கள் எழுதியிருந்தால், ஒருவர் எழுதியதை மற்றவரிடம் கட்டாயம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.