ஜூலை மாதத்துச் சாயங்கால மழை: மகளின் கேள்விக்கு எந்தப் புத்தகத்தில் விடை?

கேள்வி: என் மகள் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். தாம்பரத்தில் இருக்கிறோம். "தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தமிழ்நாடு மழை மறைவுப் பகுதி" என்று டியூஷனில் மனப்பாடம் செய்துவிட்டு வந்த அன்று சாயங்காலமே இங்கே இடி மின்னலோடு மழை கொட்டியது. "அப்படியென்றால் இது என்ன மழை?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. டியூஷன் சாரிடம் கேட்டதற்கு, "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, புக்கில் இருப்பதை எழுது" என்றாராம். அதிலிருந்து புவியியல் என்றாலே குழப்பமாக இருக்கிறது என்கிறாள். சமூக அறிவியலுக்கு மட்டும் தனி பேட்ச் இருக்கிறது, மெட்டீரியலோடு 3,500 ரூபாய் என்கிறார்கள். சேர்த்துவிடலாமா?

பதில்: சேர்க்க வேண்டாம் அம்மா. உங்கள் மகள் படித்ததையும் கண்ணால் பார்த்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றதும் கேட்டிருக்கிறாள். புவியியலை இப்படித்தான் படிக்க வேண்டும். அந்தக் கேள்வியை மதிக்காத இடத்துக்கு இன்னொரு 3,500 ரூபாய் கொடுப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

விடை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடவில்லை என்றால், அவளுடைய ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் வளிமண்டலம் பற்றிய பாடத்தை எடுங்கள். வெப்பச்சலன மழை, மலைத்தடுப்பு மழை, சூறாவளி மழை என்று மூன்று வகை இருக்கும். டியூஷனில் அவள் படித்தது மலையில் மோதி மேலே ஏறும் காற்று தரும் மலைத்தடுப்பு மழையைப் பற்றி. அன்று தாம்பரத்தில் பெய்தது, நிலம் சூடாகி மேலே ஏறும் காற்று தரும் வெப்பச்சலன மழை. ஒன்பதாம் வகுப்பை ஒப்புக்கு நடத்திவிட்டு, அந்த வருடத்திலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்துவிடும் பள்ளிகள் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் அடித்தளமே போடாமல் பத்தாம் வகுப்பில் பருவக்காற்றை நடத்தினால் பிள்ளை மனப்பாடம் செய்யாமல் என்ன செய்யும்?

அவளுக்குத் தெரிய வேண்டியது இரண்டே விஷயம். முதலாவது, சூடான இடத்தில் காற்று லேசாகி மேலே போகிறது, அங்கே அழுத்தம் குறைகிறது. அழுத்தம் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்தை நோக்கிக் காற்று வீசும். இரண்டாவது, மேலே ஏறும் காற்று விரிந்து குளிர்கிறது, தன்னிடமுள்ள ஈரத்தைத் தாங்க முடியாமல் மேகமாக்கி மழையாக விடுகிறது. கீழே இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகிறது, அதனால் மழை தராது. அழுத்தினால் காற்று சூடாகுமா என்று அவள் கேட்டால் சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு வேகமாக அடிக்கச் சொல்லுங்கள். பம்பின் அடிப்பக்கம் சுடுவது கைக்குத் தெரியும்.

இப்போது பத்தாம் வகுப்புப் பாடத்துக்கு வாருங்கள். கோடையில் வடமேற்கு இந்தியா காய்ந்து அங்கே அழுத்தம் குறைகிறது. தெற்கே இந்தியப் பெருங்கடலிலிருந்து கிளம்பும் காற்று நிலநடுக்கோட்டைத் தாண்டியதும், பூமி சுழல்வதால் வலப்பக்கம் திரும்பி, தென்மேற்கிலிருந்து வருகிறது. ஜூன் 1 வாக்கில் கேரளாவைத் தொடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்பதால் மேலே ஏறுகிறது, குளிர்கிறது, அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது ஈரம் இழந்து சூடாகியிருக்கிறது. வங்கக் கடல் வழியாகப் போகும் இன்னொரு கிளையோ நம் கரைக்கு இணையாக ஓடிவிடுகிறது. தமிழ்நாட்டை மழை மறைவுப் பகுதி என்று சொல்வதற்குக் காரணம் இவ்வளவுதான். குற்றாலம், வால்பாறை, கூடலூர் எல்லாம் வேறு கதை, இப்போதைக்கு அவற்றை விட்டுவிடுங்கள்.

ஆனால் சென்னைப் பக்கத்துச் சாயங்கால மழையை விட முடியாது. அவள் கேட்டதே அதைத்தான். ஜூலையில் ஒரு நாளைக் காலையிலிருந்து கவனியுங்கள். காலை பத்து மணிக்கு மேற்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும், துணி சீக்கிரம் காய்ந்துவிடும். வெயில் ஏற ஏற நிலம் சூடாகும். கடல் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. அதனால் மத்தியானத்துக்கு மேல் கிழக்கிலிருந்து ஈரமான கடற்காற்று உள்ளே நுழையும். மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்றும் ஒன்றையொன்று முட்டும் இடத்தில் காற்றுக்கு வேறு வழியில்லை, மேலேதான் ஏற வேண்டும். கீழே நிலமோ கொதிக்கிறது. பெரும்பாலும் இது காஞ்சிபுரம், ராணிப்பேட்டை, திருவள்ளூர்ப் பக்கம் நடக்கும். அங்கே மேகம் செங்குத்தாக வளரும். உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று அதை நம் பக்கம் தள்ளிக்கொண்டு வரும்.

உங்கள் மொட்டைமாடியில் நின்றால் ஐந்து, ஆறு மணிக்கு மேற்கு வானம் கறுப்பது தெரியும். திடீரென்று குளிர்ந்த காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு அடிக்கும். மழை வரும் முன்னே மேகத்திலிருந்து இறங்கி ஓடிவரும் காற்று அது. பிறகு இடி, பெரிய பெரிய துளிகள், கொஞ்ச நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். தாம்பரத்தில் தெருவில் தண்ணீர் நிற்கும், அடையாற்றில் ஒரு சொட்டு விழுந்திருக்காது. நவம்பர் மழையோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அது கடல் பக்கமிருந்து வரும், விடியற்காலையிலும் பெய்யும், ஊர் முழுக்க நனையும், விட்டுவிட்டு நாள் கணக்கில் நீடிக்கும். இரண்டும் வேறு மழை என்பதை அவள் கண்ணே சொல்லிவிடும்.

இந்தச் சாயங்கால மழை சில்லறை மழை என்றும் நினைக்க வேண்டாம். சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 140 சென்டிமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஜூன் முதல் செப்டம்பருக்குள் பெய்துவிடுகிறது. மழை மறைவு என்றால் மலையால் கிடைக்கும் மழை இல்லை என்றுதான் பொருள். மழையே இல்லை என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது சுருக்கப்பட்ட நோட்ஸ்.

இந்த நோட்ஸ் விஷயத்தில் உங்களை எச்சரிக்காமல் இருக்க முடியவில்லை. "முக்கிய வினாக்கள்", "சென்டம் மெட்டீரியல்" என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறவற்றைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பாடப்புத்தகத்தில் காரணத்தை விளக்கும் நாலு வரி இருந்தால் அதை வெட்டிவிட்டு முடிவை மட்டும் ஒரு வரியில் வைத்திருப்பார்கள். படம் இன்னும் மோசம். தென்மேற்குப் பருவக்காற்று என்றால் தென்மேற்கிலிருந்து வரும் காற்று. ஒரு சென்டரின் அச்சடித்த நோட்ஸில் அம்புக்குறி தென்மேற்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பணம் கட்டிய அத்தனை பிள்ளைகளும் அதையே வரைந்து பழகியிருந்தார்கள். கேட்டால், "மேப்பில் அம்புக்குறிக்கு மார்க் குறைக்க மாட்டார்கள்" என்று பதில் வந்தது. தப்பைக் காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கிறார்களே என்று வயிறு எரிகிறது. பாடப்புத்தகம் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்போது, அதையே வெட்டி ஒட்டி விற்கிறவர்களை யாரும் கேட்பதில்லை.

இன்னொரு பெரிய பொறி வடகிழக்குப் பருவமழை. கேரளாவில் பெய்தது போக மீதி மழை அக்டோபரில் திரும்பி வருகிறது என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். அது தனிக் காற்று. சூரியன் தெற்கே போகிறது, வட இந்திய நிலம் குளிர்கிறது, அழுத்தம் அங்கே கூடுகிறது, காற்றின் திசை தலைகீழாகிறது. நிலத்திலிருந்து வறண்டு கிளம்பும் அந்தக் காற்று வங்கக் கடலைக் கடக்கும்போது ஈரம் சேர்த்துக்கொண்டு அக்டோபர் 20 வாக்கில் நம் கரைக்கு வருகிறது. வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகளும் புயல்களும் சேர்ந்தால்தான் மழை வலுக்கும். மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான இந்த மூன்று மாதத்தில் கிடைக்கிறது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில் ஒன்றை எடுங்கள். பக்கங்கள் நேராக இருக்கும் பாட்டிலாகப் பாருங்கள், இடுப்பு ஒடுங்கியது ஆகாது. மேல்பகுதி வளையத் தொடங்கும் இடத்தில் வெட்டி, வெட்டிய தலையைத் தலைகீழாக உள்ளே செருகினால் அதுவே புனல். பாட்டிலின் அடி குழிகுழியாக இருப்பதால் அளவு தப்பும். அதனால் கூழாங்கல் போட்டு, பக்கங்கள் நேராகும் உயரம் வரை தண்ணீர் ஊற்றி, அந்தக் கோட்டைப் பூஜ்ஜியம் என்று குறித்து, அங்கிருந்து மேலே ஒரு ஸ்கேலை ஒட்டிவிடுங்கள். மொட்டைமாடியில் சுவரையும் தண்ணீர்த் தொட்டியையும் விட்டுத் தள்ளி வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு அளந்துவிட்டு, தண்ணீர் மறுபடி பூஜ்ஜியக் கோட்டில் நிற்கும்படி சரிசெய்ய வேண்டும். வானிலை ஆய்வு மையமும் அந்த நேரத்தில்தான் கணக்கெடுக்கிறது, அதனால் மறுநாள் பேப்பரில் வரும் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் அளவோடு நேராக ஒப்பிடலாம். அளவோடு கூட, மேகம் எந்தத் திசையிலிருந்து வந்தது, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, இடி இருந்ததா என்று மூன்றையும் எழுதி வைக்கட்டும். இந்த ஒரு நோட்டு தீபாவளி தாண்டும் வரை ஓடினால் காலநிலைப் பாடத்துக்குத் தனியாக மனப்பாடம் தேவைப்படாது.

வாரம் ஒரு தடவை, ட்ரேஸ் எடுக்காமல், வெறும் கையால் இந்தியாவை வரைந்து மேற்குத் தொடர்ச்சி மலையையும் இரண்டு பருவக்காற்றின் அம்புக்குறிகளையும் போடச் சொல்லுங்கள். படம் கோணலாக இருந்தால் பரவாயில்லை. "இந்த அம்பு ஏன் இங்கே திரும்புகிறது?" என்று நீங்கள் கேட்க, அவள் சொல்ல வேண்டும். உங்களுக்குப் பாடம் தெரியாதது இங்கே நல்லதுதான். தெரியாதவருக்குப் புரியும்படி சொல்லிவிட்டால் அவளுக்கு நிச்சயம் புரிந்துவிட்டது.

பரீட்சையில் என்ன எழுதுவது என்ற பயம் உங்களுக்கு இருக்கும். கேள்வி மழை மறைவைப் பற்றி என்றால் பாடப்புத்தகத்தில் உள்ள காரணத்தை முதலில் முழுமையாக எழுதட்டும். திருத்துகிறவர் விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு அதைத்தான் தேடுவார். அதன் பிறகு, உள்ளூரில் வெப்பச்சலன மழை கிடைப்பதை ஒரு வரியில் சேர்க்கலாம். கூடுதலாக எழுதிய சரியான வரிக்கு மதிப்பெண் குறையாது. வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கையும் ஒரே தாளில் திணித்து, பல பள்ளிகளில் வரலாறு படித்தவரையே புவியியலும் நடத்த வைத்தால், பிள்ளையின் "ஏன்" என்ற கேள்விக்கு நேரம் எங்கே கிடைக்கும்? அந்த ஆசிரியர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆள் போடாமல் பாடத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறவர்களைத்தான் சொல்ல வேண்டும். பள்ளியில் புவியியல் படித்த ஆசிரியர் யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இருந்தால் மதிய இடைவேளையில் பத்து நிமிஷம் அவரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள், மகிழ்ச்சியோடு சொல்லித் தருவார்.

அந்த 3,500-ல் ஒரு சிறு பகுதியைச் செலவழித்து நல்ல அட்லஸ் ஒன்று வாங்கிக் கொடுங்கள். மாநில எல்லை மட்டும் கலர் அடித்த புத்தகம் வேண்டாம், மலையும் சமவெளியும் உயரத்துக்கேற்ற நிறத்தில் தெரியும் இயற்கை அமைப்பு வரைபடம் இருக்க வேண்டும். காசு கொடுக்கும் முன் கடையிலேயே பிரித்துப் பாருங்கள். பழைய சரக்கைப் புது அட்டை போட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். தெலங்கானா தனி மாநிலமாகவும், லடாக் தனி யூனியன் பிரதேசமாகவும் இருக்கிறதா, தமிழ்நாட்டில் மயிலாடுதுறையோடு சேர்த்து 38 மாவட்டம் வருகிறதா என்று எண்ணுங்கள். இல்லையென்றால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.