வார்டில் பி.பி., நாடி, மூச்சு: எத்தனை மணிக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்?

கேள்வி: பொது வார்டில் இருக்கும் என் தந்தைக்குக் காலையில் பி.பி. பார்த்த செவிலியர், மதியம்தான் மறுபடி வந்தார். பக்கத்துக் கட்டில்காரரை மட்டும் மணிக்கு ஒரு முறை பார்க்கிறார்கள். இது பாரபட்சம் இல்லையா?

பதில்: இல்லை. இடைவெளியை முடிவு செய்வது நோயாளியின் நிலைதான். பிரிட்டனில் ராயல் மருத்துவர் கல்லூரி 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய முறையில், மூச்சு, ஆக்சிஜன், பி.பி., நாடி, நினைவு, உடல் வெப்பம் ஆகியவை இயல்பிலிருந்து விலக விலகக் கூடுதல் மதிப்பெண் இடுவார்கள். கூட்டுத்தொகை 0 என்றால் குறைந்தது 12 மணி நேரத்துக்கு ஒரு முறையும், 1 முதல் 4 வரை என்றால் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறையும், 5 அல்லது 6 என்றால் மணிக்கு ஒரு முறையும் பார்க்க வேண்டும். 7ஐத் தொட்டுவிட்டால் இடைவிடாத கண்காணிப்பு தேவை. உங்கள் தந்தையை அடிக்கடி பார்க்காதது, பெரும்பாலும் அவர் நிலை சீராக இருப்பதன் அடையாளமே. ஆனால் அவருக்கு மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ அடுத்த முறை வரும்வரை காத்திருக்காமல் உடனே சிஸ்டரை அழையுங்கள்.

கேள்வி: டெங்குவில் என் மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. அதன் பிறகுதான் அடிக்கடி பி.பி. பார்க்கிறார்கள். ஏன்?

பதில்: பார்க்க வேண்டிய நேரமே அதுதான். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போது தொடங்குகிறது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதால், மேல் அளவு குறையாமலேயே கீழ் அளவு ஏறும். 100/60 என்று இருந்தது 100/80 ஆனால், மேல் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத் தோன்றும்; இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளி 20 ஆகச் சுருங்கியது அதிர்ச்சி நிலையின் (உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போகாத ஆபத்தான நிலை) அறிகுறி என்பது பயிற்சி பெற்றவருக்குத் தெரியும். அதனால்தான் கூடவே பாதங்கள் சில்லிட்டிருக்கின்றனவா என்று தொட்டுப் பார்க்கிறார்கள், சிறுநீர் போன அளவையும் கேட்கிறார்கள். தயவுசெய்து அவர்களிடம் சலித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அறுவை சிகிச்சை முடிந்ததும் 15 நிமிடத்துக்கு ஒரு முறை பார்ப்பது எதற்காக?

பதில்: உள்ளே இரத்தம் கசிந்தால் முதலில் நாடி வேகமெடுக்கும், பி.பி. பிறகே இறங்கும். அதை முன்கூட்டிப் பிடிக்கத்தான். நிலை சீரானதும் அரை மணி, ஒரு மணி, 4 மணி என்று இடைவெளி கூடும்.

கேள்வி: விரலில் ஆக்சிஜன் கருவி மாட்டியிருக்கும்போது மூச்சைத் தனியாக எண்ண வேண்டுமா?

பதில்: கட்டாயம் எண்ண வேண்டும். ஆக்சிஜன் அளவு இறங்குவதற்கு முன்பே மூச்சின் வேகம் கூடிவிடலாம். நான் பணியாற்றிய வார்டு ஒன்றில், டி.பி.ஆர். சார்ட்டில் (உடல் வெப்பம், நாடி, மூச்சு குறிக்கும் அட்டவணை) எல்லா நோயாளிகளுக்கும் மூச்சு 20 என்றே எழுதியிருந்ததைக் கண்டு வருந்தியிருக்கிறேன். எண்ணுவதாகச் சொன்னால் நோயாளி தம்மை அறியாமல் மூச்சை மாற்றிக்கொள்வார். ஆகவே நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு, மார்பு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பெரியவர் ஒருவருக்கு அது 25ஐ எட்டினால், மற்ற அளவுகள் நன்றாக இருந்தாலும் மருத்துவருக்குச் சொல்லியாக வேண்டும்.