15,000 சொற்களில் முடிகிற கதையை நாவலாக இழுக்கலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு நெசவுக் குடும்பத்தின் கதையை எழுதிக்கொண்டிருக்கிறார். 15,000 சொற்களில் முடிந்துவிடும்போல் இருக்கிறதாம். நாவல் என்றால் 80,000 சொல் வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, மீதியை எப்படி நிரப்புவது என்று கேட்கிறார்.

முதலில் அந்த 80,000-ஐ மறந்துவிடுங்கள். அது ஆங்கிலப் பதிப்புலகத்தின் கணக்கு. அங்கேயே, அறிவியல் புனைகதைகளுக்குத் தருகிற நெபுலா விருதுக்கு 40,000 சொல் இருந்தால் நாவல் பிரிவில் சேர்த்துக்கொள்கிறார்கள். தவிர, அவர்கள் மூன்று சொல்லில் எழுதுவதை நாம் 'போய்க்கொண்டிருந்தான்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்தக் கணக்கு இங்கே உதைக்கும். நம் பதிப்பாளர்கள் பேசுவது பெரும்பாலும் பக்கக் கணக்கில்தான்.

சரி, நீளத்தை எது தீர்மானிக்கிறது? கதை எத்தனை வருடம் நடக்கிறது என்பது இல்லை. பொன்னியின் செல்வன் ஆடிப்பெருக்கில் தொடங்கி ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடுகிற கதை. ஆனாலும் ஐந்து பாகம், 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்தது. குந்தவைக்கு ஒரு திட்டம், நந்தினிக்கு ஒரு திட்டம், பழுவேட்டரையர்களுக்கு ஒன்று. ஒருவர் காய் நகர்த்தினால் மற்ற எல்லோரும் தங்கள் காயை மாற்றி வைக்க வேண்டியிருக்கிறது. (வாரத் தொடர் என்பதால் கொஞ்சம் கூடியது என்பதும் உண்மைதான். யாரோ ஒளிந்து கேட்பதில் முடிகிற அத்தியாயங்களை யாராவது எண்ணிப் பார்க்கலாம்.) மறுபக்கம் அசோகமித்திரனின் 'தண்ணீர்'. சென்னையில் ஒரு தெரு, ஜமுனா, அவள் தங்கை சாயா, பக்கத்தில் டீச்சரம்மா, குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைச்சல். ஒரே உட்காரலில் படித்து முடிக்கலாம். அதைக் குறைபட்ட நாவல் என்று யாரும் சொன்னதில்லை.

ஆகவே உங்கள் கதையில் தனக்கென்று ஒன்றை வேண்டுகிற ஆட்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். அப்பா தறியில் உட்கார்ந்திருக்கிறார், முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகள் ராட்டையில் தார் (குறுக்கே ஓடுகிற ஊடை நூல்) சுற்றிக் கொடுக்கிறாள். இப்போதைக்கு அவள் பின்னணியில் இருக்கிற ஒரு ஆள், அவ்வளவுதான். அவளுக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போக ஆசை. போனால் தார் சுற்ற ஆள் இல்லை, சேலை நாள் தள்ளிப்போகும், முன்பணம் கழியாது. இப்படி ஒரு முடிவு அவள் கைக்கு வந்துவிட்டால் கதை தானாக நீளும், நீங்கள் இழுக்க வேண்டியதில்லை. அதை விட்டுவிட்டு, தெருவில் பாவு ஓடுவதை, அதாவது தறிக்கான நெடுக்கு நூலை நீளமாக விரித்துக் கட்டுவதை, நாலு பக்கம் வர்ணித்தால் அது கள ஆய்வுக் குறிப்பாகிவிடும். எவ்வளவு அழகாக இருந்தாலும்.

எழுதி முடித்த ஒரு அத்தியாயம் தேவையா என்று சந்தேகம் வந்தால் அதை எடுத்துவிட்டு அடுத்ததைப் படியுங்கள். பின்னால் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை என்றால் எடுத்தது எடுத்ததாகவே இருக்கட்டும். என் கணிப்பில் முதல் வரைவுகளில் இப்படிப் போவது பெரும்பாலும் கதாநாயகனின் சிறுவயது ஞாபகங்கள்தான்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் 15,000-லேயே நின்றால் அது குறுநாவல். நம்மிடம் அதற்கு நல்ல மரபு இருக்கிறது, தி. ஜானகிராமன் நினைவாகக் கணையாழி இதழ் குறுநாவல் போட்டியே நடத்தியது. நடைமுறைச் சிக்கல் ஒன்றுதான். டெமி என்கிற வழக்கமான புத்தக அளவில் பக்கத்துக்குச் சுமார் 200 சொல் என்று வைத்தால் 75 பக்கம் வரும், புத்தகத்தின் முதுகில் தலைப்பு அச்சிடவே இடம் போதாது, கடை அலமாரியில் கண்ணில் படாது. அதனால் பதிப்பாளர் தயங்குவார். அப்புறம் என்ன, அதே ஊரில் நடக்கிற இன்னொரு குறுநாவலை எழுதி, இரண்டையும் ஒரே புத்தகமாகக் கொடுத்துப் பாருங்கள்.