உத்தரவுன்னா பதிலுங்க

கேள்வி: கலெக்டர் உத்தரவிட்டார், ஆணையிட்டார், கட்டளையிட்டார், பணித்தார்னு ஒரே சேதிக்கு நாலு பேப்பர்ல நாலு சொல்லு. ஆர்டர் போட்டாருன்னு முடிக்கறத விட்டுட்டு எதுக்குங்க இத்தனை, இதுல எது சரி?
வாசகர், காங்கேயம்

பதில்: காங்கேயத்துல இருந்துட்டு உத்தரவுக்கு அர்த்தம் என்னையக் கேக்கறீங்களே, பக்கத்துலயே சிவன்மலை இருக்குதுங்களே. மலை மேல முருகன் கோயில்ல ஒரு கண்ணாடிப் பெட்டி, பேரே ஆண்டவன் உத்தரவுப் பெட்டி. யாராவது ஒரு பக்தர் கனவுல சாமி வந்து இன்ன பொருளை வையின்னு சொல்லோணும், அவரு கோயிலுக்கு வந்து அதைச் சொல்லோணும், அப்பவும் உடனே வெச்சுர மாட்டாங்க, பூப்போட்டு சாமிகிட்டயே திருப்பிக் கேப்பாங்க, வெள்ளைப் பூ வந்தாத்தான் பொருள் பெட்டிக்குள்ள போகும், அடுத்தவரு கனவுல அடுத்தது வர்ற வரைக்கும் அது அங்கயே இருக்கும். மண்ணு, தண்ணி, மஞ்சள்னு எத்தனையோ வெச்சிருக்காங்க. சாமியே சொல்லிருச்சுன்னாலும் யாருகிட்ட சொல்லுச்சு, நெசந்தானான்னு கேட்டுப் பாத்துட்டுத்தான் நம்ம ஊர்ல அதை உத்தரவுன்னு ஏத்துக்கறாங்க. இதை மனசுல வெச்சுக்கோங்க, கடைசில வேணும்.

அந்தச் சொல்லே அப்படித்தான். உத்தரம்னா வடமொழில பதில், கன்னடத்துல இன்னைக்கும் உத்தரன்னா பதில்தான். கேட்டவனுக்குப் பதில், அதுல இருந்து அனுமதி, அப்புறந்தான் அதிகாரம். எங்க அப்பாரு ஒறம்பரை வீட்டுல இருந்து கிளம்பறப்ப திண்ணைல நின்னு துண்டை எடுத்து தோள்ல போட்டுக்கிட்டு "உத்தரவு வாங்கிக்கறனுங்க"ம்பாரு, உள்ள இருந்து அந்த வீட்டு அம்மா "அதெல்லாம் ஆகாதுங்க, சாப்புட்டுத்தான் போகோணும்"பாங்க, உத்தரவு கிடைக்கலைன்னு அப்பாரு திரும்பி உக்காந்துக்குவாரு. இலை போட்டு ரசம் வர்ற வரைக்கும் அவரு அசைய முடியாது. கொங்குல "ஓணும்"னு சொன்னா கெஞ்சறதும் அதட்டறதும் ஒண்ணாவே இருக்கும், அதை எந்த அகராதியிலயும் அடக்க முடியாது.

சரி, நீங்க கேட்டதுக்கு வர்றேன். கலெக்டர், தாசில்தார், நீதிபதி சொல்றது உத்தரவு. கோட்டையில இருந்து நம்பர் போட்டு வர்றது அரசாணை. ஆபீசுக்குள்ள ஊழியருக்குப் போறது குறிப்பாணை, எல்லாருக்கும் போறது சுற்றறிக்கை. கட்டளையை கலெக்டருக்குக் கொடுக்காதீங்க, அது கோயில்ல பூசைச் செலவை ஏத்துக்கற கட்டளைதாரர்கிட்டயும் பட்டாளத்துலயும் இருக்கட்டும். பணித்தார்ங்கறது மேடைக்கு ஆகும், செய்திக்கு ஆகாது.

ஆணைங்கற சொல்லோட கனம் தெரியணும்னா கீழ்பவானி பாசனக்காரங்களைக் கேளுங்க. பவானிசாகர் அணை 105 அடி, ஒரு போகத்துக்கு 1,03,500 ஏக்கர், வாய்க்கால் 200 கிலோமீட்டர். அணை நிறைஞ்சு நின்னாலும் ஆணை வந்தாத்தான் மதகு தூக்குவாங்க. கடைமடைக்காரர் காலைல எந்திரிச்சதும் பேப்பர்ல தேடறது அந்த ஒத்தை வரியத்தான், "தண்ணீர் திறந்துவிட அரசு ஆணையிட்டுள்ளது". அணைக்கும் ஆணைக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம், நாத்து விடற நேரத்துல அந்தச் சுழி வர்றதுக்குள்ள அவருக்கு உசுரு போய் உசுரு வரும்.

எனக்கு ஆகாதது ரெண்டு இருக்குது, இந்தப் பக்கத்துல முன்னாலயும் எழுதிருக்கேன், இன்னமும் எழுதுவேன். ஒண்ணு "அதிரடி உத்தரவு". குடிதண்ணிக் குழாயைச் சரி பண்ணுன்னு சொல்றதுல என்ன அதிரடி இருக்குது, அது அவரு வேலை. கூடவே பழக்கத்துல "144 தடை உத்தரவு"ன்னு இன்னமும் போடறாங்க, 2024 ஜூலை 1-ல இருந்து புதுச் சட்டத்துல அது 163-வது பிரிவு.

ரெண்டாவதுதான் பெருசு, "உத்தரவிடப்பட்டுள்ளது". யாரு உத்தரவிட்டது? எங்க தோட்டத்துக்குப் போற வண்டித்தடத்தை மறிச்சு வேலி போட்டுட்டாங்கன்னு நான் ஒரு மனு கொடுத்தேன், ஏழு மாசம் கழிச்சு ஒரு தாள் வந்துச்சு. மேல ந.க. எண்ணுன்னு ஆபீசுக் கோப்பு நம்பர், கீழ கையெழுத்து இருக்க வேண்டிய இடத்துல ஒப்பம்ங்கறதைச் சுருக்கி ஒம்/-னு டைப் அடிச்சிருக்குது, நடுவுல ஒரே வரி, "தக்க நடவடிக்கை மேற்கொள்ளுமாறு அறிவுறுத்தப்பட்டுள்ளது". அறிவுறுத்துனவர் பேரும் இல்ல, யாருக்குன்னும் இல்ல. அந்தத் தாளை எடுத்துக்கிட்டு மூணு மேசைக்கு நடந்தேன், மூணு பேரும் அது எனக்கு வந்ததில்லைங்கன்னு பக்கத்து மேசையைக் காட்டுனாங்க, யாரும் பொய் சொல்லலைங்க, உண்மையிலயே அது யாருக்கும் வரலை. வேலி அப்படியே நின்னுச்சு, ஒரு வெள்ளாமைக்கு சாணி வண்டி உள்ள போகலை. அந்த "பட்டுள்ளது"ல ஆள் ஒளிஞ்சுக்கறாரு, மனு கொடுத்தவனுக்குப் பதில் சொல்ல அங்க யாருமே இல்லாம போயிருது.

கரூர் பசுபதீஸ்வரர் கோயில்ல ஒரு கல்வெட்டு இருக்குது, கோனேரின்மைகொண்டான்னு பட்டம் போட்டுக்கிட்ட ராஜா வெங்கால நாட்டுக் கம்மாளருக்கு, அதாவது தச்சு, கொல்லு மாதிரி கைத்தொழில் செய்யறவங்களுக்கு, கொடுத்த ஓலை. நல்லது கெட்டதுக்கு ரெட்டைச் சங்கு ஊதிக்கலாம், வெளிய போறப்ப செருப்புப் போட்டுக்கலாம், வீட்டுக்குச் சாந்து பூசிக்கலாம், ஆடி மாசத்துல இருந்து. அதுக்கு முன்னால அந்த மக்களை இதெல்லாம் செய்ய விடலைன்னு அதுலயே தெரியுது, படிக்கறப்ப நெஞ்சு கனக்கும். ஆனா அந்த மாதிரி ஓலைகள்ல ராஜா வாயில வர்ற வினைச்சொல்லைப் பாருங்க, "சொன்னோம்". அவ்வளவுதான். அதிரடியும் இல்ல, பிறப்பிக்கவும் இல்ல, சொன்னவர் யாருன்னு அந்த ஒத்தைச் சொல்லுக்குள்ளயே இருக்குது.

அதனால சொல்லு கொஞ்சம் மாறிப் போனாலும் போகட்டுங்க, ஆர்டர் போட்டாருன்னாலும் எனக்குச் சண்டை இல்ல, அதுலயாவது "போட்டார்"னு ஒரு ஆள் நிக்கறாரு. சிவன்மலைல சாமி உத்தரவையே யாருகிட்ட சொல்லுச்சுன்னு கேட்டுப் பாத்துட்டுத்தான ஏத்துக்கறாங்க, அதே மாதிரி அடுத்த இதழ்ல இருந்து நம்ம செய்தில ஒரு உத்தரவு வந்தா போட்டவரோட பதவியும், யாருக்குப் போட்டாருங்கறதும், எந்தத் தேதிங்கறதும் அதே வாக்கியத்துல இருக்கோணும்னு உதவி ஆசிரியர்கள்கிட்ட சொல்லிட்டேன்.