பெற்றோர் நல்ல உயரம், குழந்தைக்கு மட்டும் கை கால் குட்டை: அம்மா பக்கக் குறையா?

"எங்கள் குழந்தைக்கு அகாண்ட்ரோபிளேசியா (கை கால் எலும்புகள் நீளாமல் குட்டையாக இருக்கும் பிறவிக் குறை) என்கிறார்கள். நாங்கள் இருவரும் நல்ல உயரம். என் பக்கக் குறை என்று வீட்டில் சொல்வது உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. மாமியார் வீட்டில் தினமும் இதே பேச்சாகத்தான் இருக்கும். என் மகளுக்கும் இதே குறைதான், எனக்கும் வருஷக்கணக்கில் அதுதான் நடந்தது.

எங்களுக்குத் தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம். கிரகணத்தன்று தக்காளி பறிக்கப் போனதால்தான் மகள் இப்படிப் பிறந்தாள் என்றார்கள். போர்வெல் தண்ணீரில் இருக்கும் புளோரைடுதான் காரணம் என்றும் சிலர் சொன்னார்கள். தருமபுரியில் புளோரைடு பல்லைக் கறையாக்கும், மூட்டுகளை இறுக்கும், மறுக்கவில்லை. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஆனால் அது பல வருஷம் குடித்து வருவது. மகளுக்கு இருப்பது கருவிலேயே அமைவது.

கடைசியில் ஒரு டாக்டர் மகளின் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நடுவிரலும் மோதிர விரலும் ஒட்டாமல் சூலம் போலப் பிரிந்து நின்றன. நீள எலும்புகளின் முனையில் குருத்தெலும்புத் தட்டு இருக்கிறது, அங்கே செல்கள் பெருகி எலும்பாக மாறித்தான் கை கால் நீள்கிறது என்றார். எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற மரபணு அந்த வளர்ச்சிக்கு பிரேக். அதில் ஒரே ஓர் எழுத்து மாறினால் பிரேக் பிடித்தபடியே நின்றுவிடும். 1994இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். மண்டையோட்டின் மேல்பகுதி குருத்தெலும்பு வழியாக உருவாவதில்லை, அதனால் தலை பெரிதாகத் தெரியும். அறிவுக்கு ஒரு குறையும் இல்லை. என் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

பத்தில் எட்டுப் பேருக்கு இந்த மாற்றம் புதிதாக வருவது. அதுவும் அநேகமாக எப்போதும் அப்பாவின் விந்தணுவில். அவர் வயது ஏற ஏற வாய்ப்பும் ஏறும். உடனே கணவர்மேல் பழி போடுகிறேன் என்று கமெண்டில் வராதீர்கள். அவர் கையிலும் எதுவும் இல்லை. சொந்தத்தில் கட்டியதால் என்பார்கள். அப்படி வரும் நோய்கள் உண்டுதான், இது அந்த ரகம் இல்லை.

  

அடுத்த குழந்தைக்கு வருமோ என்று பயமிருந்தால், உங்கள் இருவருக்கும் இல்லாததால் வாய்ப்பு மிகக் குறைவு. இப்போதைக்குக் குழந்தையை அவசரப்பட்டு உட்கார வைக்காதீர்கள், முதுகு வளையும். மண்டையோட்டின் அடியில் தண்டுவடம் இறங்கும் துளையும் குறுகலாக இருக்கும். அதனால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.