சுகர் மாத்திரை கூட இந்த கேப்சூலையும் சேத்துக்கலாமா?

கேள்வி: அண்ணா, நாங்க டர்பன் ஃபீனிக்ஸ்ல இருக்கோம். அம்மாவுக்கு 64 வயசு, 11 வருஷமா சுகர், பிரஷரும் உண்டு. கிளினிக்ல சுகருக்கு மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு, பிரஷருக்கு எனாலாப்ரில், கொழுப்புக்கு சிம்வாஸ்டாட்டின் குடுக்கறாங்க. கோயில்ல கூழ் ஊத்துறப்ப பழக்கமான ஒரு ஆன்ட்டி வீட்டுக்கே வந்து சுகருக்குன்னு ஒரு டப்பா கேப்சூல் 650 ரேண்டுக்கு வித்துட்டு போனாங்க. பெர்பெரின், லவங்கப்பட்டை, வெந்தயம்னு போட்டிருக்கு. கால் எரிச்சல், அசதி எல்லாம் போயிடும், மூணு மாசத்துல மாத்திரையையே விட்டுடலாம்னு சொன்னாங்க. இயற்கைதானே, என்ன சைடு எஃபெக்ட் வந்துடப் போகுதுங்கறாங்க அம்மா. வாங்கி மூணு நாளாச்சு, சீல் இன்னும் உடைக்கல. குடுக்கலாமா?

பதில்: சீல் உடைக்காம கேட்டீங்க பாருங்க, ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்கம்மா. குடுக்காதீங்க. காசு விஷயத்த முதல்ல சொல்லிடறேன், ஏன்னா அதுக்கு நாள் கணக்கு இருக்கு. இங்க தென்னாப்பிரிக்காவுல 2008ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல, ஒருத்தர் நம்மள தேடி வந்து வித்த சரக்கா இருந்தா, 5 வேலை நாளுக்குள்ள காரணமே சொல்லாம வேணாம்னு திருப்பலாம், ஆனா எழுத்துல சொல்லணும். அதனால இன்னிக்கே அந்த ஆன்ட்டிக்கு ஒரு மெசேஜ் அனுப்பி அத எடுத்து வெச்சுக்கோங்க. டப்பாவ திருப்பி அனுப்பற செலவு நம்மளது. சீல் உடைச்ச மாத்திரைய சுகாதாரத்த சொல்லி வாங்க மாட்டேன்னுடுவாங்க, அதனால அப்படியே இருக்கட்டும்.

இப்ப உடம்புக்கு வருவோம். அம்மா சாப்பிடற கிளிமெபிரைடு கணையத்த தூண்டி இன்சுலின் விட வெக்கிற மாத்திரை. சாப்பாடு தள்ளிப்போனாலே அதுல சுகர் தாழ்ந்துடும். பெர்பெரின்ங்கறது செடியில இருந்து எடுக்கற ஒரு சத்து, அதுவும் சுகர குறைக்கும், வெந்தயச் சத்தும் குறைக்கும், மூணும் ஒரே நேரத்துல சேந்தா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. அது மட்டும் இல்ல, இந்த பெர்பெரின் கல்லீரல்ல மருந்துகள உடைக்கிற என்சைம்கள மந்தமாக்கும். அப்ப கிளிமெபிரைடும் சிம்வாஸ்டாட்டினும் ரத்தத்துல வழக்கத்த விட அதிகமா, அதிக நேரம் நிக்கும். ஒண்ணு சுகர இறக்கிடும், இன்னொண்ணு தசை வலியில கொண்டு விடும். வயத்த கலக்கறதுல மெட்ஃபார்மினுக்கும் பெர்பெரினுக்கும் போட்டிதான், வயசானவங்களுக்கு பேதி புடிச்சு உடம்புல தண்ணி வத்துனா எனாலாப்ரில் வேற சாப்பிடறப்ப கிட்னிக்கு அது ஆகவே ஆகாது. லவங்கப்பட்டையும் நம்ம சமையலுக்கு ஒரு துண்டு போடறது வேற, கடையில மலிவா கெடைக்கிற கேசியா வகையில கூமரின்னு ஒரு பொருள் இருக்கு, தினமும் அளவு மீறி போனா ஈரல பாதிக்கும்.

இயற்கைங்கற பேச்ச நானும் நம்புனவன்தாம்மா. எங்கப்பா ரத்தம் கட்டியாகாம இருக்க வார்ஃபரின்னு ஒரு மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தாரு. முட்டி வலிக்கு நல்லதுன்னு நானே ஒரு கடையில மஞ்சள் கேப்சூல் வாங்கி குடுத்தேன், கடைக்காரரும் வேற என்ன மாத்திரைன்னு ஒரு வார்த்த கேக்கல. பத்து நாள் கழிச்சு காலையில பல்லு தேய்க்கிறாரு, வாஷ்பேசின்ல துப்புற நுரை முழுக்க ரோஸ் கலரு. முன்னங்கையில கிச்சிலிக்கா அளவுக்கு கருநீலமா ஒரு ரத்தக்கட்டு, எங்கயும் இடிக்கலங்கறாரு. ஓடிப்போய் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டற டெஸ்ட்) பாத்தா எக்கச்சக்கமா ஏறியிருந்துச்சு. அப்புறம்தான் படிச்சேன், நியூசிலாந்துல இதே மாதிரி வார்ஃபரின் கூட மஞ்சள் சேத்த ஒருத்தருக்கு ஐஎன்ஆர் 10ஐ தாண்டிப்போச்சுன்னு 2018ல அந்த ஊர் மருந்து ஆணையமே எச்சரிக்கை விட்டிருக்கு. மஞ்சள்ல வேலை செய்யற பொருள் குர்குமின், அது மஞ்சத்தூள்ல 100க்கு 3 பங்குதான், அந்த கேப்சூல்ல 95 பங்கு. கணக்கு போட்டு பாத்தேன், 500 மில்லிகிராம் கேப்சூல் ஒண்ணு கிட்டத்தட்ட 16 கிராம் மஞ்சத்தூளுக்கு சமம், கொழம்புல நாம போடறது அர டீஸ்பூன் கூட கிடையாது. அதுக்கு மேல மிளகுச் சத்து வேற, உடம்புல நல்லா ஏறட்டும்னு. அப்பா தப்பிச்சாரு, ஆனா இன்னிக்கும் அந்த நுரை கண்ணுலயே நிக்குது.

உங்க டப்பாவயும் வெளிச்சத்துல வெச்சு பாருங்க. பின்னாடி பொடி எழுத்துல, இது பதிவு செய்யாத மருந்து, இதோட தரம், பாதுகாப்பு, பயன் எதையும் சாப்ரா மதிப்பிடலன்னு ஒரு வரி இருக்கலாம். சாப்ரான்னா இந்த நாட்டு மருந்து ஆணையம். அந்த வரி இருந்தா விஷம்னு அர்த்தமில்ல, ஆனா யாரும் சோதிச்சு சொல்லலன்னு அர்த்தம். எந்த மூலிகை எத்தன மில்லிகிராம்னு தனித்தனியா போடாம கலவை இவ்வளவுன்னு மொத்தமா மட்டும் போட்டிருந்தா நான் தொடவே மாட்டேன், ஏன்னா கிளினிக்ல சிஸ்டர் கேட்டா சொல்றதுக்கு நம்ம கிட்ட ஒண்ணுமே இருக்காது.

மாத்திரைய விட்டுடலாம்னு சொன்னாங்க பாருங்க, அதுதான் எனக்கு ரொம்ப பயமா இருக்கு. தயவு செஞ்சு ஒரு வேள கூட நிறுத்தாதீங்க.

கால் எரிச்சலும் அசதியும் வேற கதையா இருக்கலாம். மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா சாப்பிடறவங்களுக்கு பி12 கொறையும், அதுலயும் இதே எரிச்சல், மதமதப்பு, அசதி எல்லாம் வரும். சுகராலயும் வரும், ரெண்டையும் வெளிய இருந்து பிரிச்சு சொல்ல முடியாது. அடுத்த தடவ போறப்ப பி12 டெஸ்ட் எழுதித் தரச் சொல்லி வாய விட்டு கேளுங்க. கொறஞ்சிருந்தா அதுக்கு ஊசியோ மாத்திரையோ குடுப்பாங்க, அந்த சப்ளிமென்ட்டுக்கு செலவு பண்ணா பலன் உண்டு.

ஒருவேள அம்மா ஏற்கெனவே வேற எதாவது ரகசியமா சாப்பிட்டிருந்தா (நம்ம வீட்டு பெரியவங்க செய்வாங்க, திட்டாம கேளுங்க) வேர்த்து கொட்டுறது, கை நடுங்குறது, பேச்சு குழறுறதுன்னா சுகர் தாழுதுன்னு எடுத்துக்கோங்க. நெனப்போட இருந்தா உடனே மூணு டீஸ்பூன் சக்கரைய தண்ணில கலந்து குடுத்து 15 நிமிஷத்துல திரும்ப பாக்கணும், நெனப்பில்லன்னா வாயில எதுவும் ஊத்தாம ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க. கெட்ட விளைவு எது வந்தாலும் சாப்ராவோட மெட் சேஃப்டி ஆப்ல நீங்களே பதியலாம், மூலிகை மருந்தையும்தான்.

கேள்வி: சாட்ஸ்வர்த்ல இருந்து எழுதறேன். எனக்கு தைராய்டு கம்மி, எல்ட்ராக்சின் சாப்பிடறேன். முடி கொட்டுதுன்னு 10,000 மைக்ரோகிராம் பயோட்டினும், கால்சியமும் வாங்கினேன். எல்லாத்தையும் காலையில ஒண்ணா போட்டுக்கலாமா?

பதில்: வேணாம்க்கா. கால்சியமும் இரும்பும் எல்ட்ராக்சின உறிய விடாது, நாலு மணி நேரமாவது தள்ளி சாப்பிடுங்க. பயோட்டின் வேற மாதிரி ஏமாத்தும், ரத்த டெஸ்ட்டோட கணக்கையே குழப்பி தைராய்டு அதிகமா இருக்கற மாதிரி காட்டும், அத நம்பி டாக்டர் டோஸ கொறச்சுட்டா உங்களுக்குத்தான் கஷ்டம். டெஸ்ட்டுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே நிறுத்திடுங்க, ரத்தம் எடுக்கறவங்க கிட்டயும் சொல்லுங்க. அஸ்வகந்தாவும் சேத்து வாங்கலாமான்னு யாராவது சொன்னா அதையும் தள்ளி வைங்க, அது தைராய்டு ஹார்மோன ஏத்தி விடும். முடி கொட்டுறதுக்கு முதல்ல டிஎஸ்எச்சும் (தைராய்டு டெஸ்ட்) ஃபெரிட்டினும் (உடம்புல இரும்பு இருப்பு காட்டற டெஸ்ட்) பாத்துட்டு அப்புறம் கடைக்கு போங்க.