மீட்ட கிளிக்கு ஈரல் பழுதா? விதையை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், அலகை வெட்டக் கொடுக்காதீர்கள்

கேள்வி: உப்புவெளியில் இருக்கிறோம். வெளிநாடு போன குடும்பம் ஒன்று விட்டுச்சென்ற பெரிய பச்சைக்கிளி எங்களிடம் வந்து மூன்று கிழமை. தோளில் சிவப்புப் பட்டை இருக்கிறது. ஏழெட்டு வருடமாகச் சிறிய கூட்டில், சூரியகாந்தி விதை, கச்சான், தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட் என்றே வளர்ந்ததாம். மேல் அலகு நீண்டு வளைந்துவிட்டது. எச்சத்தின் வெள்ளைப் பகுதி பச்சையாகப் போகிறது. கூட்டின் கம்பியில் ஏறினால் மூச்சு வாங்குகிறது. குருவி விற்கிறவர் ஒருவர் "ஈரல் பழுது" என்று ஒரு ரொனிக் தந்தார், அலகையும் வெட்டிவிடுகிறேன் என்கிறார். விதையை நிறுத்தட்டுமா? ரொனிக் கொடுக்கலாமா? தேறிய பிறகு பறக்கவிடலாமா?

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த அலகை அவர் தொடக்கூடாது. அலகு நீள்வது ஈரல் கெட்டதன் அடையாளமாக இருக்கலாம், அதை வெட்டுவதால் நோய் போகாது. இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களை உண்டாக்குவதே ஈரல்தான். அலகு நீளும்போது அதற்குள் இருக்கும் இரத்தக்குழாயும் சேர்ந்து நீண்டிருக்கக் கூடும். நகவெட்டியால் ஒரு வெட்டு விழுந்தால் இரத்தம் நிற்காது. 250 கிராம் பறவையின் உடம்பில் ஓடும் மொத்த இரத்தமே ஏறத்தாழ 25 மில்லிலீற்றர், அதாவது ஐந்து தேக்கரண்டி. அதோடு, வெட்டுகிறவர் பறவை திமிறாமலிருக்க நெஞ்சை இறுக்கிப் பிடிப்பார். கிளிக்கு நம்மைப்போல உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. ஏற்கெனவே மூச்சு வாங்கும் கிளி அந்தப் பிடியிலேயே செத்துப்போகக்கூடும்.

எச்சத்தைச் சரியாகப் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். அதில் மூன்று பகுதி உண்டு: சுருண்ட மலம், வெள்ளைச் சுண்ணாம்புபோல் இருக்கும் சிறுநீர் உப்பு, சுற்றி ஊறும் தண்ணீர். மலம் பச்சையாக இருப்பது சாதாரணம், கீரை தின்றாலும் பச்சையாகும். வெள்ளைப் பகுதி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறுவதுதான் ஈரலின் முறைப்பாடு. பறவையின் பித்த நிறமி பச்சை, அதனால் நமக்கு மஞ்சள்காமாலை தெரிவதுபோல் கிளியின் கண்ணில் தெரியாது, எச்சத்தில் தெரியும். இரவு கூட்டின் அடியில் வெள்ளைத் தாள் விரித்து, காலையில் முதல் எச்சத்தை ஈரம் காயுமுன் பாருங்கள். அதைப் படமும் எடுத்து வையுங்கள், வைத்தியரிடம் காட்ட உதவும்.

தோல் நீக்கிய சூரியகாந்தி விதையில் ஏறத்தாழ பாதி கொழுப்பு. கச்சானும் அப்படித்தான். உயிர்ச்சத்து ஏ இரண்டிலும் இல்லை என்றே சொல்லலாம், கல்சியமும் மிகக் குறைவு. நாள் முழுக்கப் பறந்து இரைதேடும் பறவை அந்தக் கொழுப்பை எரித்துவிடும். கையகலக் கூட்டில் குந்தியிருக்கும் பறவைக்கு அது ஈரலில் படியும். வீங்கிய ஈரல் பக்கத்திலுள்ள காற்றுப்பைகளை நெருக்கும். உங்கள் கிளி ஏறும்போது மூச்சு வாங்குவதற்கு அது காரணமாக இருக்கலாம்.

அப்படியானால் விதையை இன்றைக்கே நிறுத்துவதுதானே என்று தோன்றும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். "ஒரு நாள் பட்டினி போடுங்கள், பசித்தால் மரக்கறி தின்னும்" என்று சொல்லிக்கொடுக்கவும் ஆள் இருக்கிறது. தின்னாது. ஏழெட்டு வருடம் விதையை மட்டுமே பார்த்த கிளிக்குப் பூசணித் துண்டு உணவாகவே தெரியாது. நிறைந்த கிண்ணத்தின் முன்னாலேயே பட்டினி கிடக்கும். பட்டினி கிடக்கும் உடம்பு சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைத்து ஈரலுக்குத்தான் அனுப்பும். ஏற்கெனவே கொழுப்பேறிய ஈரல் அதோடு முடிந்துவிடும்.

ஆகவே முதல் செலவு கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு. மேலே ஒரு தடியைக் கட்டி, தராசைப் பூச்சியமாக்கி, காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, தீன் வைக்குமுன், தினமும் கிளியின் எடையைப் பார்த்து எழுதுங்கள். முதல் ஐந்து நாள் தீனை மாற்றவே வேண்டாம், எடை மட்டும் எழுதுங்கள்.

இங்கே ஒரு விலக்கு இருக்கிறது. மீட்டுக்கொண்டு வந்த கிளிகளில் இதைத் தவறவிடுவதுதான் அதிகம் என்பதால் விரித்தே சொல்கிறேன். நெஞ்சின் நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் எலும்பை விரலால் மெல்லத் தடவுங்கள். எலும்பு இலேசாகத் தட்டுப்பட்டு, இருபக்கமும் சதை உருண்டிருந்தால் நல்ல உடல். எலும்பே தட்டுப்படாமல் இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றால் கொழுத்த கிளி, கீழே சொல்லும் மாற்றம் அதற்குத்தான். எலும்பு கத்தி முனைபோல் குத்தினால் அந்தக் கிளி மெலிந்திருக்கிறது. மெலிந்த கிளியின் தீனை மாற்றக்கூடாது. சூரியகாந்தி விதையானாலும், கச்சானானாலும், அது எதைத் தின்னுமோ அதையே வயிறு நிறையக் கொடுங்கள். இன்னொரு வகை உங்களை ஏமாற்றும்: வயிறு பருத்திருக்கும், ஆனால் நெஞ்செலும்பு குத்தும். அது கொழுப்பல்ல, வீங்கிய ஈரலாகவோ வயிற்றில் தேங்கிய நீராகவோ இருக்கும். இறகைச் சிலிர்த்துப் பருத்து நிற்பதைப் பார்த்து "நல்ல கொழுத்த கிளி" என்று நினைப்பதும் உண்டு. கண்ணை நம்பாமல் விரலை நம்புங்கள். எலும்பு குத்தும் கிளிக்கு முதலில் வைத்தியர், எடை ஏறி இரண்டு கிழமை நிலைத்து நின்ற பிறகே தீன் மாற்றம்.

கொழுத்த கிளியென்றால் ஆறு முதல் எட்டுக் கிழமை எடுத்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் பசி கூடிய நேரத்தில், பொடியாக நறுக்கிய மரக்கறி இரண்டு மேசைக்கரண்டி வையுங்கள். பூசணி, கரட், அவித்த வற்றாளங்கிழங்கு, முருங்கை இலை, பழுத்த சிவப்புக் கொச்சிக்காய். கொச்சிக்காயின் உறைப்பு கிளிக்குத் தெரியாது, அதில் உயிர்ச்சத்து ஏயாக மாறும் சத்து நிறைய. இந்த மரக்கறிமேல் வழக்கமான விதையில் ஐந்தாறைத் தூவினால் கொத்தும்போது மரக்கறியும் அலகில் படும். நமது வெயிலுக்கு ஈரமான உணவு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கூட்டில் இருக்கக்கூடாது, எடுத்து வீசிவிட்டுப் பழைய விதையை வையுங்கள். இரண்டாம் கிழமையிலிருந்து சூரியகாந்தியில் காற்பங்கை எடுத்துவிட்டு நெல், குரக்கன், தினை சேருங்கள். நான்காம் கிழமையில் பாதி, ஆறில் முக்காற்பங்கு. பெரிய பச்சைக்கிளிக்கு உலர்ந்த தீன் நாளொன்றுக்கு மட்டமாக இரண்டு மேசைக்கரண்டி போதும், கிண்ணத்தை நிரப்பி வைக்கும் பழக்கத்தை விடுங்கள். பயற்றை எட்டு மணித்தியாலம் ஊறவைத்து, ஒரு நாள் முளைக்கட்டி, நன்றாகக் கழுவி ஒரு தேக்கரண்டி கொடுக்கலாம். கடைசியில் சூரியகாந்தி நாளுக்கு நான்கைந்து விதையாகக் கையால் கொடுக்கும் தின்பண்டமாகட்டும்.

எடை ஒரு கிழமையில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் குறைந்தால் (300 கிராம் கிளிக்கு 9 கிராம்) முந்தின படிக்குத் திரும்புங்கள். மொத்தத்தில் நூற்றுக்குப் பத்து குறைந்தால் வைத்தியரிடம் போங்கள். ஒரு நாள் முழுக்கத் தின்னாவிட்டால் அன்றைக்கே போகவேண்டும்.

பிஸ்கட்டும் தேத்தண்ணியும் மட்டும் இன்றோடு நிற்கலாம். அவகாடோ, சொக்கலேற் எப்போதும் கூடாது. கல்சியத்துக்குக் கணவாய் ஓடு கடைக்குப் போய் வாங்கத் தேவையில்லை, மீன் சந்தையிலோ கடற்கரையிலோ கிடைக்கும். நல்ல தண்ணீரில் மூன்று நாள், தினமும் தண்ணீர் மாற்றி ஊறவைத்து, பத்து நிமிடம் அவித்து, வெயிலில் காயவைத்துக் கூட்டில் கட்டுங்கள்.

கச்சானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐப்பசி முதல் தை வரை நம் பக்கத்து மழையில் சாக்கில் கிடக்கும் கச்சானிலும் சோளத்திலும் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளரொக்சின் ஈரலுக்கு நேரடி நஞ்சு. கழுவினாலும் வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. மனிதருக்கு விற்க முடியாத சுருங்கிய, கறுத்த பருப்பு "குருவித் தீன்" என்ற பெயரில் மலிவாக வருவதை வாங்காதீர்கள். வியாபாரி ஒரே ஆளாக நஞ்சையும் விற்பார், அதற்கு மருந்தென்று ரொனிக்கையும் விற்பார். விடயம் தெரியாமல் பாசத்தோடு வளர்க்கிறவர்கள்தான் இரண்டுக்கும் காசு கொடுக்கிறார்கள்.

அந்த ரொனிக் போத்தலை மூடி வையுங்கள். மனிதருக்கான ஈரல் பாணிகளில் பெரும்பாலும் சீனி. தண்ணீரில் கரைக்கும் உயிர்ச்சத்துத் துளிகள் வெளிச்சத்தில் வீரியம் இழந்து, தண்ணீரில் கிருமி வளர்க்கும். அதிகமான உயிர்ச்சத்து ஏ ஈரலிலேயே தேங்கி அதையே கெடுக்கும். கீழ்காய்நெல்லிச் சாற்றை அலகைத் திறந்து ஊற்றுகிறவர்களும் உண்டு. கிளிக்கு எவ்வளவு என்று அளவு கிடையாது, ஊற்றியது மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா. லக்ருலோஸ், பால்முள்ளுச் சத்து போன்ற மருந்துகள் உண்மையாகவே பயன்படுகின்றன, ஆனால் எடை பார்த்து வைத்தியர்தான் அளவு எழுத வேண்டும்.

வைத்தியரிடம் போவது இங்கே இலேசான காரியமில்லை. அரச மிருக வைத்திய அலுவலகங்கள் மாடு, ஆடு, கோழிக்கென்று அமைந்தவை. ஒரு கிளியின் இரத்தத்தைப் பரிசோதிக்க 180 கிலோமீற்றர் தள்ளிப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலைக்குப் போகச் சொல்வது இத்தனை வருடத்துக்குப் பிறகும் மாறவில்லை என்றால், கிழக்கில் பறவை வளர்ப்பவர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். இருந்தாலும் முதலில் உள்ளூர் அரச வைத்தியரிடமே போங்கள். எடை, நெஞ்செலும்பு, வயிறு மூன்றையும் அவர் பார்ப்பார், அனுப்புக் கடிதமும் தருவார். நகரத்து மனித ஆய்வுகூடத்தில் "ஈரல் பரிசோதனை" என்று காசு கட்டாதீர்கள். அங்கே பார்க்கும் பிலிருபினும் எஸ்.ஜி.பி.டி.யும் கிளியின் ஈரலைப் பற்றி உருப்படியாக எதுவும் சொல்லாது. கேட்க வேண்டியது பித்த அமிலம், அதோடு இரத்தத்தில் உள்ள ஏ.எஸ்.டி., சி.கே. என்ற இரண்டு நொதிகள். ஏ.எஸ்.டி. தசை அடிபட்டாலும் ஏறும், சி.கே.யையும் பார்த்தால்தான் ஏறியது ஈரலாலா தசையாலா என்று பிரித்தறியலாம். பயணம் விடிகாலையில், கூட்டை மூன்று பக்கம் துணியால் மூடி, தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பதிலாகத் தோடம்பழத் துண்டு வைத்துப் போங்கள்.

பச்சை எச்சத்தோடு கண்ணில் நீர், தும்மல், சோர்வும் இருந்தால் அது தீனால் வந்ததாக இல்லாமல் கிளிக்காய்ச்சலாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும். கூட்டை உலரக் கூட்டாமல், தண்ணீர் தெளித்து, முகக்கவசத்தோடு துடையுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் இருமலும் வந்தால் வீட்டில் கிளி இருக்கிறது என்று வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பறக்கவிடும் கேள்விக்கு வருகிறேன். தோளில் சிவப்புப் பட்டை உள்ள இந்தக் கிளி காட்டுக்கிளி. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி அனுமதியில்லாமல் வைத்திருக்கக்கூடாது. மரப்பொந்திலிருந்து குஞ்சை எடுத்து விற்றவர் எங்கோ சுகமாக இருக்க, கைவிட்டதைத் தூக்கி வளர்க்கிறவர் பயந்து ஒளிக்கும் நிலை சரியில்லை. ஆனாலும் ஒளிக்காதீர்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து, எங்கே எப்போது எந்த நிலையில் கிடைத்தது என்று சொல்லுங்கள். எடைக் கணக்கையும் எச்சத்தின் படங்களையும் தயாராக வையுங்கள். "நான் எடுத்துக் காட்டில் விட்டுவிடுகிறேன்" என்று வரும் தரகரிடம் மட்டும் கொடுக்காதீர்கள், அடுத்த மாதம் அது இன்னொரு வீட்டுக்கு விலைக்குப் போயிருக்கும். நீங்களாகவே கன்னியாப் பக்கம் கொண்டுபோய்த் திறந்துவிடவும் வேண்டாம். ஏழெட்டு வருடம் பறக்காத சிறகுத்தசையோடு, வீங்கிய ஈரலோடு வெளியே விட்டால் காகமும் பூனையும் பார்த்துக்கொண்டிருக்காது. திணைக்களம் முடிவு சொல்லும்வரை கொய்யாக் கிளை கட்டிய அகன்ற கூட்டில் வையுங்கள். மூச்சு வாங்குவது குறைந்த பிறகு கதவு, யன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்திய அறையில் காலையும் மாலையும் ஒரு மணித்தியாலம் வெளியே விடுங்கள். முதல் நாட்களில் ஏறி இறங்கினாலே போதும்.